ஆந்தையின் வெட்டு

கோட்டாறு கம்போளத்தில் மழை.
வத்தல் மூடைகள்மேல் தார்ப்பாய் இழுக்கிறார்கள்.
குளச்சல் ததேயுஸ்
நனைந்த சட்டைப் பையிலிருந்து மாத்திரைக் கவரை எடுத்து
என் தராசுத் தட்டில் கவிழ்க்கிறான்.
கப்பல் வேலையை விட்டு வந்தவன்.
இஸ்மீரில் இறங்கிய ஒரு மாலை
தாடிக்காரனிடம் வாங்கியதாம், அறுநூறு டாலர்.
"ரெண்டாயிரத்து நானூறு வருசம் அண்ணே,
இயேசு பொறக்கியதுக்கும் முன்னே."

நகை உரைத்துப் பார்க்கிற ஆள் நான்.
கிரேக்கம் தெரியாது.
இந்த ஆந்தையைத் தெரியும்,
பதினோரு வருடமாக.

லென்ஸைக் கண்ணில் செருகினேன்.
தலைக்கவசம் போட்ட முகம் பக்கவாட்டில்;
கண் மட்டும் நேரே என்னைப் பார்க்கிறது.
அது சரி, பழைய கை அப்படித்தான் செதுக்கும்.
இவளும் கன்னி தெய்வம்தான்.
நம்மூர்க்காரிக்கு மூக்குத்தி,
இவளுக்குக் காதில் வட்டக் கம்மல்.
திருப்பினால் ஆந்தை,
பின்னால் ஒலிவ இலை, துண்டுப் பிறை,
முன்னால் ஊர்ப்பெயரின் மூன்று எழுத்து,
நடு எழுத்து வட்டத்துக்குள் ஒரு புள்ளி.
எல்லாம் சரி.
சரியாக இருப்பதில் என்ன இருக்கிறது?
படத்தைப் பார்த்து எவனும் சரியாகச் செய்வான்.

உரைத்தேன். வெள்ளி.
எடை பதினாறு கிராம், தொள்ளாயிரத்து நாற்பது மில்லி.
கொஞ்சம் குறைவு, தேய்மானம் என்று மன்னிக்கலாம்.

ஆனால் சம்மட்டி வாங்கிய வெள்ளி
ஓரத்துக்கு ஓடி வெடித்திருக்கும்.
இதில் ஓட்டமே இல்லை.
ஆப்பத்தின் நடுவைப்போலப்
பொடிப்பொடியாய்க் கண்கள்.
எழுத்தெல்லாம் சப்பித் துப்பிய மிட்டாய்.
விளிம்பை நகத்தால் சுற்றினால்
அரம் மறைக்கப் பார்த்த ஒரு தையல்.

அப்புறம்தான் அந்த வெட்டு.
ஆந்தையின் தலைமேல், சரிவாய்.

உள்ளே செம்பு இருக்குமோ என்று
அந்தக் காலத்து வட்டிக்காரன் எவனோ
சாமியின் பறவை என்றும் பாராமல்
உளியால் ஓங்கி ஒரு போடு போடுவானாம்.
அந்தச் சந்தேகக்காரனை எனக்குப் பிடிக்கும்.
என் தொழில்காரன்.
அவனை நம்பித்தான்
என்னுடையதை வாங்கினேன்.

ததேயுஸுக்குக் கட்டஞ்சாயா சொல்லிவிட்டு
இரும்புப் பெட்டி திறந்தேன்.
பஞ்சைப் பிரித்து
இரண்டையும் ஒரே விளக்கின் கீழ் வைத்தேன்.

ஒரே சரிவு.
வெட்டு முடியும் இடத்தில்
கடுகளவு பிசிறு,
இரண்டிலும்.

ஒரே அச்சு ஆயிரம் நாணயம் அடிக்கலாம்.
ஒரே உளி, ஒரே இடத்தில்,
ஒரே பிசிறோடு இரண்டு முறை இறங்குமா?

வார்த்தவன் வெள்ளியோடு
சந்தேகத்தையும் சேர்த்து வார்த்திருக்கிறான்.

எங்கோ இருக்கும்
நிஜமாகவே வெட்டு வாங்கிய ஒன்று.

ததேயுஸ் சாயாவை ஊதிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.
முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு.
"உங்ககிட்டயும் இருக்கா! அப்போ நல்லதுதான், இல்லியா?"

மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது.
இன்றைய வெள்ளி விலையைச் சொன்னேன்,
இரண்டுக்கும்.