இடது ஷூ

எங்கள் ஊரில் சிவப்பு விளக்கு இதய வடிவில் எரியும்.
ஏதோ ஒரு நெருக்கடி வருடத்தில்
சனங்கள் சிரிக்கட்டும் என்று மாட்டியது,
அப்படியே நின்றுவிட்டது.
அகுரேய்ரிக்கு வருகிறவர்கள் அதைப் படம் எடுக்கிறார்கள்.
நான் அதன் எதிரே, பெட்ரோல் நிலையத்தில்,
கார் கழுவும் மூலையில்
ஒன்றுவிட்ட புதன்கிழமைகளில் மகளை ஒப்படைக்கிறேன்.

ஹால்ப்தான் எஞ்சினை அணைப்பதில்லை.
நானும்தான்.
பை, கையுறை, இருமல் மருந்து.
"அந்த மூடி சரியாக மூடாது, பார்த்துக்கொள்."
பன்னிரண்டு வருடப் பேச்சில்
மிஞ்சியது அந்த மூடி.

பிரிவைக் கேட்டது நான்தான்.
இதை மறைத்துவிட்டு மேலே எழுத முடியாது.
அவன் கெட்டவனில்லை.
இருவரும் உள்ளே இருந்தால்
அறை சின்னதாகிவிடும், அவ்வளவுதான்.

டிசம்பர் பன்னிரண்டிலிருந்து
மலையை விட்டு இறங்குவார்கள் பதின்மூன்று பேர்,
இரவுக்கு ஒருவராக:
கரண்டி நக்கி, கதவறைவான், தயிர் விழுங்கி...
ஜன்னலில் ஷூ வைத்த பிள்ளைக்கு
ஏதாவது போட்டுவிட்டுப் போவார்கள்.
அடங்காத பிள்ளைக்கு உருளைக்கிழங்கு.

யில்வாவுக்கு ஏழு வயது.
"இந்த வாரம் நான் எந்த வீடு என்று
அவர்களுக்கு யார் சொல்வார்கள்?"
வக்கீல் என்று வாய்வரை வந்தது.
"பட்டியல் வைத்திருப்பார்கள்" என்றேன்.
அவள் நம்பவில்லை.
காலுக்குச் சேராத பழைய நீல ஷூவை எடுத்து
ஜோடியைப் பிரித்தாள்.
வலது அப்பா ஜன்னலுக்கு. இடது இங்கே.
"ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைத் தேடித்தானே ஆக வேண்டும்."

அவள் இல்லாத ஓர் இரவு
அதில் ஒரு மாண்டரின் ஆரஞ்சு வைத்தேன்.
காலையில் நானே உரித்துத் தின்றேன்.
கொஞ்சம் புளிப்பு.

அடுமனையில் மூன்று மணிக்கே வேலை.
இலை ரொட்டி, வெளிச்சம் தெரியும் மெலிசாகத் தேய்த்து
கத்தியால் பூக்கீறிப் பொரிப்பது.
குடும்பமாக உட்கார்ந்து வீட்டில் கீற வேண்டியது,
கடையில் வாங்குகிறவர்களிடம்
யாரும் காரணம் கேட்பதில்லை.
"பத்து" என்று சொல்லிவிட்டு
"இல்லை, ஐந்து போதும்" என்று திருத்திக்கொண்டவருக்கு
உடைந்த ஒன்றைக் காசில்லாமல் சேர்த்துக் கட்டினேன்.

இந்த வருடம் இருபத்துநான்காம் தேதி அவன் முறை.
பதினொன்றரைக்கு விடிந்து
மூன்று மணிக்குள் முடிந்துபோகும் பகல்.
குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன்.
வெந்நீரில் விரல் சுருங்கும்வரை கிடந்தேன்.
ஒரு நாவலில் பாதி.
உண்மையைச் சொன்னால் நன்றாகவே இருந்தது,
ஐந்து மணிவரை.

ஆறடிக்கப் பத்து நிமிடம். போன்.
"சர்க்கரை கருகிவிட்டது. இரண்டாம் தடவை."
"கிளறாதே. உருகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில்.
பிறகு வெண்ணெய். பிறகுதான் கிழங்கு."
"எவ்வளவு நேரம்?"
"நிறம் சொல்லும்."
பின்னாலிருந்து ஒரு குரல்:
"அம்மா ஷூவைப் பார்த்தாளா, கேளுங்கள்!"

போனோடு ஜன்னலுக்குப் போனேன்.
இடது ஷூவின் மூக்கில் திணித்து
ஓர் உருளைக்கிழங்கு,
பேனாவால் வரைந்த மீசையோடு.
"எனக்கா? நான் என்ன செய்தேன்?"

"குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாய்."
"அழுதால் கிழங்கா?"
"அழுததற்கு இல்லை.
சோப்பு பட்டது என்று சொன்னாயே, அதற்கு."

அப்போது வானொலியில் தேவாலய மணி,
நாடு முழுக்க ஒரே நேரத்தில் பண்டிகை தொடங்கும் மணி.
என் சமையலறையில் ஒருமுறை,
ஒரு நொடி பிந்தி
போனுக்குள் அவர்கள் சமையலறையில் இன்னொரு முறை.
யாரும் பேசவில்லை.
அவனும் நகரவில்லை என்று தெரிந்தது.

"அடுப்பைக் குறை" என்றேன்.