சொந்த உபயோகத்துக்கு

பெல்லந்தூரில் நான்கரைக்குக் கிளம்பினேன்,
குட்டி யானைக்குள் ஒரு பசு.
ஏரி பொங்கும் நாற்றம் பழகிப்போன அடுக்குமாடிக்காரர்களுக்குச்
சாணி மட்டும் பழகவில்லை.
மனு போட்டார்கள். கொட்டகை போயிற்று.
ஆனேக்கல்லில் தங்கை வீட்டுப் பின்புறம்
ஒரு மாடு நிற்க நிழல் இருக்கிறது.

சொந்த மாட்டை ஏற்ற லைசென்ஸ் வேண்டுமா என்று
ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் ஏஜென்டைக் கேட்டிருந்தேன்.
முந்நூறு ரூபாய் வாங்கும்வரை வேண்டும் என்றார்.
வாங்கியபின் வேண்டாம் என்றார்.
இருந்தாலும்
கிடைத்த காகிதத்தையெல்லாம் பாலிதீன் பையில் போட்டு
சீட்டுக்கடியில் வைத்தேன்.

சில்க் போர்டு சிக்னலில் டார்ச் அடித்தார்கள்.
சட்டையில் பசவலிங்கப்பா என்று பெயர்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
முதல் வரியிலிருந்து படித்தார்.
இப்படிப் படிப்பவர்களிடம் எனக்குப் பயம்.

"வாடகையா, சொந்தமா?"
சொந்தம் சார்.
"வண்டி?"
தம்பியுடையது.
"மாடு?"
என்னுடையது. சங்கத்தில் கடன் இருக்கிறது.
கணக்குப் பார்த்தால்
மூன்று கால் சங்கத்துக்கு, ஒரு கால் எனக்கு.
"அப்படியானால் மூன்று காலுக்கு
வாடகை பெர்மிட் வேண்டும்" என்றார்.
சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

டார்ச்சோடு பின்னால் ஏறி
காதிலிருந்த பன்னிரண்டு இலக்கத்தை
ஒவ்வொன்றாக விரல்வைத்துச் சரிபார்த்தார்.
மத்தியானம் அசையாமல் காட்டினாள்.
(அவள் பெயர் அதுதான்,
பிறந்த நேரம். அதற்குப் பாரத்தில் இடமில்லை.)

டாக்டர் எழுதிய சீட்டு:
நிற்கிறது. தானாக நடக்கிறது.
பயணம் தாங்கும்.
வேதவல்லி என்கிற எனக்கு
யாரும் அப்படி எழுதித் தந்ததில்லை.

அப்புறம் டேப் எடுத்தார்.
மாட்டுக்கு இத்தனை அடி நீளம், இத்தனை அடி அகலம்,
கீழே வைக்கோல், குடிக்கத் தண்ணீர், வாளி ஒன்று.
யாரோ மாட்டோடு நின்று பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்,
நல்ல விதி.
போன மாதம் தம்பி இதே வண்டியில்
கான்கிரீட் வேலைக்கு இருபத்தொரு பேரை ஏற்றிப் போனான்.
இதே சிக்னல்.
போ போ என்று கையசைத்தார்களாம்.

படித்து முடித்தபோது மணி ஏழு பத்து.
"ஏழுக்கு மேல் சரக்கு வண்டி விட முடியாதும்மா."

மாடு சரக்கா சார் என்றேன்.

யோசித்தார்.
உண்மையாகவே யோசித்தார்.
"சரக்கு இல்லையென்றால் பயணி.
சரக்கு வண்டியில் பயணியை ஏற்றுவது
அதைவிடப் பெரிய குற்றம்."

வெயில் ஏறியது.
கம்பெனி பஸ்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன,
கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளைகளோடு.
மத்தியானம் காலை மாற்றி மாற்றி நின்றாள்.
மடி இறுகிவிட்டது.
கறவை நேரம் தாண்டி ஒன்றரை மணி.

விதிப்படி வாளி இருந்ததே,
தண்ணீரைக் கொட்டிவிட்டு உட்கார்ந்தேன்.
இத்தனை ஹாரனுக்கு நடுவிலும்
தகரத்தில் விழும் முதல் பீய்ச்சல் கேட்டது.
ஹோம்கார்டு பையன் பிளாஸ்க் மூடியை நீட்டினான்.
பசவலிங்கப்பா பாரத்தின் பின்பக்கத்தைத் திருப்பி
எதையோ தேடிக்கொண்டிருந்தார்.
பாலுக்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது.

பதினொன்றுக்கு விட்டார்.
இருநூறு அபராதம், எதற்கென்று படிக்க முடியாத கையெழுத்து.
சரக்கு / பயணி என்ற இடத்தில்
இரண்டையும் அடிக்காமல் விட்டிருந்தார்.
"நாற்பதுக்கு மேல் ஓட்டாதே. மாடு விழுந்துவிடும்."

சரி சார் என்றேன்.
பொம்மனஹள்ளி வரை
முள் நான்கைத் தாண்டவில்லை.
பக்கத்துப் பஸ் ஜன்னலில் ஒரு பெண் விழித்து
அடையாள அட்டையைக் கழுத்தில் நேராக்கிக்கொண்டே
மத்தியானத்தின் காதைப் பார்த்தாள்.
மத்தியானம் அசைபோட்டாள்.