எல்லாம் சரியாகத்தான் இருந்தது

உப்பு முப்பத்தைந்து. சூடு இருபத்தாறு.
நைட்ரேட் குழாயில் நிறமே ஏறவில்லை.
மூன்றாம் முறையும் அளந்துவிட்டு
ஊர்மஸ் தரையில் உட்கார்ந்தான்.
வெளியே, தார்த்துவின் தெருவை
பனிவண்டி சுரண்டிக்கொண்டு போனது.

நேற்று மாலைகூட அவன் விரலைக் கடித்தவள்,
பதினோரு ஈடு முட்டையிட்டவள்,
தயிர் டப்பாவில் கிடக்கிறாள்.
ஒரு கீறல் இல்லை.
"எதனால்?" என்றாள் கேத்லின்.
அளவெழுதிய தாளை நீட்டினான்.

"சின்னதாக ஒன்றை வாங்கி விடு,
இருக்கிற ஆணே பெண்ணாகிவிடும்"
கடைக்காரர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

அந்த ஆணோ
ஓட்டில் ஒட்டிய முட்டைகளை விசிறுகிறது.
நடுவே கடற்சாமந்திக்குள் போய்த்
தேடிவிட்டு வந்து
மறுபடி விசிறுகிறது.

முட்டைகளில் வெள்ளிக் கண்கள் வந்துவிட்டன.
இன்றிரவு பொரியும்,
இருட்டில்தான் பொரியும்.
விளக்கின் சுவிட்சில் விரலை வைத்தபடி
நிற்கிறான் ஊர்மஸ்.