பதினொன்றாம் கட்டம்

மல்லாவிச் சந்தியில்
வங்கிக்கும் உரக்கடைக்கும் நடுவே எங்கள் ஸ்டூடியோ.
பரு எடுப்பேன், கழுத்தில் சங்கிலி ஏற்றுவேன்,
கடவுச்சீட்டுக்கு வெள்ளைப் பின்னணி,
சாமத்திய வீட்டுக்குச் சுவிற்சர்லாந்து மலை.
மலைக்குத் தனிக் காசு இல்லை.

வவுனிக்குளத்துச் சிவன் கோயிலில்
செவ்வந்தியின் கலியாணம் முடிந்து ஒன்பதாம் நாள்
அல்பத்துக்கு முற்பணம் கட்டியவள்
பையிலிருந்து ஒரு அடையாள அட்டைப் படம் எடுத்தாள்.
அண்ணா. பத்தொன்பது வயது.
"குடும்பப் படத்தில, பின்வரிசையில,
சித்தப்பாவுக்குப் பக்கத்தில விடுங்கோ.
ஆனா இந்த வயசில வேண்டாம்.
இப்ப அவனுக்கு முப்பத்தஞ்சு."

மென்பொருளுக்குச் சுருக்கம் போடத் தெரியும்,
எந்தக் குடும்பத்துச் சுருக்கம் என்று தெரியாது.
அப்பாவின் ஏறு நெற்றியை எடுத்தேன்,
மாமாவின் காதுமடலை.
மூக்கை மட்டும் தொடவில்லை.
பதினாறு வருடம்
நாலு இரவில் முடிந்தது.

நிழல்தான் மினக்கெடுத்தியது.
பத்தரை மணி வெயில்.
எல்லோருக்கும் வலப்பக்கம், முழங்கால் நீளம்.
அவனுக்கும் ஒன்று செய்து
சித்தப்பாவின் வேட்டிக் கரையில் மடித்துவிட்டேன்.

செவ்வந்தி கனநேரம் பார்த்தாள்.
"கொஞ்சம் வண்டி வையுங்கோ அக்கா.
இவ்வளவு நாளில வைக்காமலே இருந்திருப்பான்?"
வைத்தேன்.
சட்டைப் பொத்தான் இழுபட்டது.
அப்போதுதான் அவன் கலியாணத்துக்கு வந்தான்.

ஐரோப்பாவில் ஒரு போட்டி,
கணினியில் பிறக்கும் கலைக்கு, உலகம் முழுதுக்கும்.
பரிசுத் தொகையை ரூபாயில்
மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன்.

நான்காம் கட்டம்:
செயற்கை நுண்ணறிவின் பங்கு எத்தனை வீதம்?
மாமாவின் காது எந்தக் கணக்கில் வரும்?
நாற்பது என்று போட்டேன்.
ஏழாம் கட்டம்: கலைஞரின் கூற்று, இருநூறு சொல்.
'கலியாண வீட்டு வேலை' என்றேன்.
நூற்றித் தொண்ணூற்றேழு மிச்சம்.
பதினொன்றாம் கட்டம்:
படத்தில் உள்ள ஒவ்வொருவரின் சம்மதமும் பெற்றுள்ளேன்.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
கீழே பொடி எழுத்து:
இறந்தவராயின், நெருங்கிய உறவினரின் ஒப்பம்.

இருபத்தைந்து பேரும் தொலைபேசியிலேயே ஓம் என்றார்கள்.
சித்தப்பா மட்டும்
பரிசு விழுந்தால் பங்கு எப்படி என்று கேட்டார்.

செவ்வந்தி சொன்னாள்:
"அந்தச் சொல்லுக்குக் கீழ நான் கையெழுத்து வைக்க மாட்டன் அக்கா.
மூண்டு தரம் கடுதாசி நீட்டினவங்கள்,
அம்மா பேனையைக்கூட வாங்கேல்லை.
வேற கட்டம் இல்லையோ?
இத்தனை நாடு சேந்து நடத்திற போட்டி எண்டீங்கள்?"

கீழே உருட்டினேன்.
திரும்ப மேலே உருட்டினேன்.

அவர்களின் நள்ளிரவு
எங்களுக்கு விடியப்புறம் மூன்றரை.
இரண்டு மணிக்கு மழை பிடித்தது,
உரக்கடைத் தகரத்தில் கல் கொட்டுவதுபோல.
இந்த மென்பொருளில்
ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு கண் இருக்கும்.
கண்ணை மூடினால் அடுக்கு மறையும், அழியாது.
அவனுடைய கண்ணை மூடினேன்.
நிழல் வேறு அடுக்கு.
அதை மூட மறந்துவிட்டேன் என்று
கேட்டவர்களுக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

இருபத்தைந்து பேர்.
இருபத்தாறு நிழல்.
நிழலிடம் சம்மதம் கேட்கும் கட்டம்
அவர்களிடம் இல்லை.
பதினொன்றில் சரி போட்டேன்.

தொண்ணூற்றொரு வீதத்தில்
சிக்னல் ஒற்றைக் கோடானது.
மூன்று இருபத்தேழுக்கு ஒரு பச்சை வட்டம் சுற்றத் தொடங்கி
சுற்றிக்கொண்டே இருக்கையில்
கரன்ட் போனது.

காலை எட்டரைக்குச் செவ்வந்தியின் புருஷன் வந்தான்.
வண்டி வைத்த படத்துக்கு பிரேம் வேண்டும்.
தங்கக் கரையா மரக் கரையா என்றேன்,
அவன் மனைவிக்கு எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டான்.
"மரம்," என்றாள்.
"மினுக்கிறது அவனுக்குப் பிடியாது."