உள்ளே, வெளியே

மணலி சாலையில் டிரெய்லர் உரசி
தேசப்பன் தலை நடைமேடையில் மோதிய மறுநாள்
ஸ்டான்லி வார்டில் எனக்கொரு வேலை தந்தார்கள்:
குடிப்பதை எழுது. போவதையும் எழுது.

ஜாடியில் கோடு பார்த்து எழுதினேன்.
உள்ளே பதிமூன்று லிட்டர். வெளியே பதினாலு.
சுகரா என்றேன். இல்லையாம்.
நிறமில்லை, நாற்றமில்லை,
எங்கள் தெருக்குழாயில் வருவதைவிடத் தெளிவு.

சின்ன டாக்டர் ஸ்கேன் உறையில் வரைந்து காட்டினாள்:
கண்களுக்குப் பின்னால் பட்டாணியளவு சுரப்பி,
அதைத் தாங்கும் ஒரு காம்பு.
ரத்தம் உப்பேறினால்
மூளை அந்தக் காம்பு வழியே ஒரு சொல் அனுப்பும்.
சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களில்
கண்ணுக்குத் தெரியாத கதவுகள் திறக்கும்,
போகிற தண்ணீர் பாதியில் திரும்பும்.
"காம்பு நசுங்கிடுச்சும்மா. சொல் போய்ச் சேரல."

ஏழாம் நாள் ஜாடி காய்ந்து கிடந்தது.
அங்காளம்மனுக்கு எலுமிச்சை மாலை நேர்ந்துகொண்டேன்.
அவரோ என்னை அவர் அக்கா பெயரில் கூப்பிட்டார்.
செத்துக்கொண்டிருந்த சுரப்பி
கையிருப்பையெல்லாம் ஒரேயடியாய்க் கொட்டிவிட்டதாம்.
கதவுகள் மூடவே இல்லை. உடம்புக்குள் வெள்ளம்.
உப்பு நூற்றுப் பதினெட்டுக்கு இறங்கியது.
"கேட்டாலும் தண்ணி தராதீங்க."
நேற்றுவரை ஊற்றிய சொம்பை
முந்தானையில் மறைத்து உட்கார்ந்திருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் மறுபடி ஜாடி வழிந்தது.
இனி இப்படித்தான் என்றார்கள்.

கொருக்குப்பேட்டையில்
வீட்டுக்குப் பத்துக் குடம் கணக்கு.
பதினோராவதை நான் நீட்டியபோது பல்கீஸ் கேட்டாள்:
"இன்னாக்கா, வூட்ல ஆனை கீதா?"
"கீதுடி. ரெண்டே காலு."
சிரித்துவிட்டு, தன் குடத்தை
என் பக்கம் நகர்த்தினாள்.

மூக்கில் அடிக்கும் மருந்து
அவள் வீட்டு ஃப்ரிட்ஜில், முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.
உறையக்கூடாது. வெயில் படக்கூடாது.
அவசரப்பட்டு அடுத்த வேளை அடிக்கவும் கூடாது,
மறுபடி உள்ளே வெள்ளம் தேங்கும்.
ஆகவே இரவு ஒன்பது மணிக்கு
கையில் குப்பியோடு குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்கிறேன்.
நீண்டு விழும் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான்
மூடியைத் திறப்பேன்.

பையனின் பழைய கணக்கு நோட்டில் இன்னும் எழுதுகிறேன்.
உள்ளே இரண்டரை.
வெளியே இரண்டு.
லாரி வரவில்லை.