எந்தப் பாத்தியை விடுவது

பீலியில் ஒரு கேன் நிறையப்
பதினொரு நிமிஷம்.
போன மாசம் நாலு.
ராத்திரி ஒன்றரைக்கு என் முறை.
எனக்கு முன்னால் பவளக்கொடி,
பின்னால் யாரோ செருப்பை வைத்து
இடம் பிடித்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்கள்.

ஆறு கேன், அவ்வளவுதான் எங்கள் பங்கு.
பூசணிக்கு மூன்று.
பிறந்தபோது உருண்டு திரண்டிருந்ததால் வைத்த பெயர்,
இப்போது அவள் இடுப்பெலும்பில்
கொழுந்துக் கூடையை மாட்டலாம்.
வீட்டுக்கு ஒன்றரை.
மிச்சம் ஒன்றரையை
நாலு பாத்திக்கும் பகிர்ந்தால்
நாலும் சாகும்.

சின்னவளின் ஸ்கொலர்ஷிப் கணக்கைவிட லேசு.
விடைதான் எழுத வரவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் நானுஓயாவில் அடைமழையாம்.
சட்டை காயவில்லை என்று
தம்பி போனில் சலித்துக்கொள்கிறான்.
எல்லாவற்றையும் அங்கேயே இறக்கிவிட்டு
வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது
கச்சான்.
தொட்டால் உதடு உரிகிறது.
கொழுந்து முடங்கி, வாரத்துக்கு மூன்று பேர்தான் விழுகிறது.
ஐந்தாம் நம்பர் மலைக்கு மேலே
மானாப்புல்லுக்கு யாரோ நெருப்பு வைத்தார்கள்,
சாம்பலுக்குள் பச்சை முளைக்குமென்று.
மழை வந்தால் முளைக்கும்தான்.

பால் சாவடியில் சுனந்த
மானியை முக்கிப் பார்த்து
ஏழு லீட்டர் நாலாகிவிட்டதே என்கிறான்.
பிறகு பழக்கதோஷத்தில்
தண்ணி கலந்தாயா என்கிறான்.
கேட்டதும் அவனுக்கே சிரிப்பு.
அதுக்கெல்லாம் வசதி வேணும் தம்பி, என்றேன்.

போஞ்சியை விட்டேன்.

பூ வைத்திருந்தது. அதனால்தான்.
பூத்த கொடி அதிகம் குடிக்கும்,
காய் பறிக்க இன்னும் மூன்று வாரம்,
மூன்று வாரம் என்னிடம் இல்லை.
காய்ந்தபின் இழுத்தால் அடுப்புக்கும் ஆகாது.
பச்சை இருக்கும்போதே பிடுங்கி,
கம்புகளை லயத்துச் சுவரோரம் சாத்தி,
கொடியைச் சுருட்டித் தொட்டிக்குக் கொண்டுபோனேன்.
தியாகு ஒன்றும் பேசவில்லை.
விதைக் கடன் அவர் பெயரில்.

கோவாவில் அடி இலை மட்டும்,
செடிக்கு இரண்டு. குருத்தைத் தொடவில்லை.
லீக்ஸ் பிடிவாதக்காரி, கிடக்கட்டும்.
மாட்டுக்குப் போட்டால் பால் நாறும்.

கீழே கிராமத்தில் ஹீன்மெனிக்கேயின் வயல்
பதராய்ப் போயிற்று.
பாரமில்லாமல் நிமிர்ந்தே நின்ற கதிரை
அப்படியே அரிந்து கட்டினாள்,
ஆறு மூட்டைச் சாணத்துக்கு எட்டுக் கட்டு.
அவள் பிதுரு என்றாள், நான் வைக்கோல் என்றேன்,
பூசணி எங்கள் இருவரையும் பாராமல்
கட்டைப் பார்த்தாள்.

வெறும் வைக்கோலில் வயிறு ரொம்பும், மடி ரொம்பாது.
போஞ்சிக்கென்று வாங்கிய யூரியா
அரை உரப்பை மீந்திருந்தது.
இருபத்தைந்து கிலோவுக்கு ஒரு கிலோ,
கரைக்க ஒரு கேன் தண்ணீர்.
அந்த ஒரு கேனுக்காக
அன்று யாரும் குளிக்கவில்லை.
விஷமாகிவிடும் என்றார் தியாகு.
அள்ளிப் போட்டால் விஷம், அளந்து போட்டால் தீனி என்று
மாட்டு டொக்டர் சொன்னதை
எனக்கே தைரியம் வருவதற்காக
இரண்டு தடவை சத்தமாய்ச் சொன்னேன்.
பொலித்தீனுக்குள் மிதித்து இறுக்கிக் கல்லேற்றிச்
சுவரில் கரிக்கோடு.

ஒன்பதாம் கோட்டில் திறந்தேன், கண் எரிந்தது.
ஒரு பொழுது காற்றாட விட்டுப்
பிடி பிடியாக வைத்தேன்.
பூசணி முகர்ந்தாள், தும்மினாள்,
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
மறுநாள் கோவா இலையை நறுக்கிக் கலந்தபின்
தின்றாள்.
நாலு லீட்டர் நாலாகவே நிற்கிறது.
இந்த மாசத்தில் நிற்பதும் ஏறுவதுதான்.

வெறும் பாத்தியைத் தாண்டித்தான்
தினமும் தொழுவத்துக்குப் போகிறேன்.
மூலையில் ஒரே ஒரு கொடி தப்பியிருக்கிறது.
நான்தான் பார்க்காததுபோல் இருந்தேன்.
முகம் கழுவிய தண்ணீர் அதற்குப் போகிறது,
கணக்கில் வராமல்.

நேற்றுப் பீலியில் ஒரு கேனுக்குப்
பதின்மூன்று நிமிஷம்.
டோர்ச் வெளிச்சத்தில் பவளக்கொடி
விரல்களை மடக்குகிறாள், விரிக்கிறாள்,
மறுபடி மடக்குகிறாள்.
எந்தப் பாத்தி என்று
நான் கேட்கவில்லை.