நாற்பத்தொரு பேர்

செப்டம்பர் முப்பது, இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது.
எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான்.
பன்னிரண்டு என்றால், எந்தப் பன்னிரண்டு என்று
மறுபடி அழைக்கிறார்கள்.
அதனால் அந்த ஒரு நிமிடத்தை
அலுவலகமே விழுங்கிவிட்டது.

இளங்கலையில் ஊடகம் படித்திருக்க வேண்டுமா?
வேண்டாம். கணக்கியலிலிருந்து வந்திருக்கிறார்கள்,
போன வருடம் ஒரு பல் மருத்துவர்.
அறுபது விழுக்காடு வேண்டும்.
ஐம்பத்தெட்டு இருந்தால்?
போட்டுப் பாருங்கள், குழு முடிவு செய்யும்.
குழு என்றால் யார்?
குழு என்றால் குழு.

சொந்தக் கேமரா வேண்டுமா,
மின்வெட்டில் கோப்பு பாதியில் நின்றால் யார் தவறு,
நோக்கக் கடிதத்தை மச்சான் எழுதித் தரலாமா,
படித்து முடித்தால் டிவியில் வருவேனா.
வரலாம், முகத்தை மங்கலாக்கி, என்று
பக்கத்து நாற்காலி நொக்வாசி
வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

செவ்வாய் மாலை, டர்பனில் மழை.
சாட்ஸ்வொர்த்திலிருந்து தயாளன் முனுசாமி,
வயது நாற்பத்தொன்பது (அவராகவே சொன்னார்).
அனுபவம் என்ற கட்டத்தில் என்ன போடுவது, மேடம்?
என்ன செய்கிறீர்கள்?
கல்யாண வீடியோ, இருபத்திரண்டு வருடம்.
தொற்று வந்த பிறகு சாவு வீடியோவும்.
நேரலை. பெர்த்தில் மகன் இருப்பான்,
டொரான்டோவில் தங்கை.
பேசியதெல்லாம் ஆங்கிலம்;
கருமாதி என்ற ஒரு சொல் மட்டும் தமிழ்,
எங்கள் வீட்டில் மாதிரியே.

அது ஊடகமா, மேடம்?

கேள்வி பதில் தாளில் இது இல்லை.
மூன்றாம் பக்கத்தில் தொழில்சார் ஆக்கங்கள் உண்டு,
சவப்பெட்டி பற்றி ஒன்றும் இல்லை.
நான் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.
அவர் தொடர்ந்தார்:

கிளேர் எஸ்டேட் சுடுகாடு, ஜூலைக் குளிர்.
உலையின் கதவு மூடியாயிற்று, எல்லாரும் போயாயிற்று.
நான் வண்டி எடுக்கப் போனேன்,
கேமராவை நிறுத்த மறந்துவிட்டேன்.
இருபத்தைந்து நிமிடம்
வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள்,
சுவரில் சாய்ந்த துடைப்பம்,
குறுக்கே நடந்துபோன ஒரு மைனா.
திரும்பி வந்து பார்த்தால்
நாற்பத்தொரு பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.
அணைக்க எனக்குக் கை வரவில்லை.
அவர்கள் எதைப் பார்த்தார்கள் மேடம்?
அதைப் படிக்க உங்களிடம் இடம் இருக்கிறதா?

நாங்கள் ஆலோசனை சொல்லக் கூடாது.
அழைப்புகள் பதிவாகின்றன.
கடிதம் ஐந்நூறு சொல்லுக்குள், என்றேன்.
மாதிரிக் காணொளி இருபது மெகாபைட்டுக்கு மேல் ஏறாது.
என்னுடையது நாலு ஜிகாபைட், எதை வெட்ட?
நொக்வாசி மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.
அழுகிறவர்களை வெட்டுங்கள், என்றேன்,
நாற்காலிகள் இருக்கட்டும்.

கட்டணம் நானூற்று இருபது ராண்ட், திரும்பக் கிடைக்காது.
சரி.
எடுக்காவிட்டால் காரணம் சொல்வீர்களா?
சொல்வதில்லை.
சரி, சரி, நன்றி.

அவர் போனை வைக்கவில்லை.
எங்கோ போட்டுவிட்டார், சட்டைப்பையிலோ இருக்கையிலோ.
கார்க் கதவு. மழை.
நீளமான வயரை எடு, மற்றதை விடு, என்று யாரிடமோ.
பிறகு இன்னும் கொஞ்சம் மழை.

இரண்டாவது லைன் சிவப்பாக மினுங்கியது,
எந்தப் பன்னிரண்டு என்று கேட்பதற்காக இருக்கும்.